சென்டிமீட்டர் சார்

தன்னுடைய காரை இரண்டு கோடுகளுக்கு நடுவே நிறுத்த அவருக்குக் கடைசிவரை வரவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்பீர்கள். காலையில் வருவார், இரண்டு வண்டிக்கான இடத்தில் ஒரே வண்டியைக் குறுக்கே போடுவார், கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே போய்விடுவார். வாட்ச்மேன் குப்பன் ஓடிவந்து அதை எடுத்து ஒழுங்காக விடுவார். ஓடுகிற வண்டி எதுவானாலும் அது பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரற்கடை பிசகாமல் சொல்வதற்காகத்தான் எங்கள் கம்பெனி இந்த மனிதருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சென்டிமீட்டர் சார். நிஜப் பெயர் வேண்டாம். இப்போது எங்கேயோ இதைவிடப் பெரிய நாற்காலியில் இருக்கிறார் என்று கேள்வி. பெயரைப் போட்டால் அதையும் வெட்டி எடுத்துத் தன் புகழ்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஆள்.

எதையும் அவர் சென்டிமீட்டரில்தான் பேசுவார். கான்டீன் அக்காவிடம், “டம்ளர்ல ரெண்டு சென்டிமீட்டர் குறையுதே” என்பார். மீட்டிங்கில் நான் நாற்காலியை இழுத்துப் போட்டால், “பத்து சென்டிமீட்டர் தள்ளி உக்காரும்மா, ஸ்கிரீன மறைக்கிற” என்பார். பேன்ட் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் டேப் துருத்திக்கொண்டிருக்கும். அதை அவர் வெளியே எடுத்து எதையாவது அளந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பேசும்போது அதைத் தட்டிக்கொள்வார், அவ்வளவுதான்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த ஆளைப் பற்றிச் சொல்ல முடியும். நீங்கள் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், செல்போன் மேப்பில் நீலப் புள்ளி பக்கத்து வீட்டில் நிற்கும். சாட்டிலைட்டிலிருந்து வருகிற சிக்னல் வழியில் கொஞ்சம் தடுமாறும், அதனால் சில மீட்டர் தப்பிப்போகும். மனிதர்களுக்கு அது போதும். வண்டிகளுக்குப் போதாது. இப்போது வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. “நான் வருகிறேன், நீ திரும்பாதே” என்று ஒரு பஸ் ஒரு லாரிக்குச் சொல்ல வேண்டுமானால், தான் சாலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதாவது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு வழி உண்டு. ஓர் ஆன்டெனாவை ஓரிடத்தில் அசையாமல் நட்டு, அது நிற்கும் இடத்தை சர்வேயர்களை வைத்து அளந்து கம்ப்யூட்டரில் எழுதி வைத்துவிட வேண்டும். சாட்டிலைட் சொல்கிற இடத்துக்கும் தன் நிஜமான இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்த ஆன்டெனா நொடிக்கு நொடி கணக்குப் போட்டு வண்டிகளுக்கு அனுப்பும். வண்டிகள் அதை வைத்துத் தங்கள் இடத்தைத் திருத்திக்கொள்ளும். எங்கள் ஆன்டெனா ஆபீஸ் மொட்டைமாடியில், மாடிப்படி அறையின் தலைமேல், ஒரு மூலையில் இரும்புக் கம்பத்தில் நின்றுகொண்டிருந்தது.

இதை அவர் கண்டுபிடிக்கவில்லை. உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் வெளியாட்கள் வந்தால் அவர் விளக்குகிற விளக்கத்தைக் கேட்க வேண்டுமே! ஒருநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது அவருக்கே தோன்றியது போலிருக்கும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட்டுக்கு எதிரே நாகய்யாவின் டீக்கடை. தடா பக்கத்துக்காரர். ஒருநாள் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சார் கையில் டேப்லெட்டோடு அங்கே வந்தார். திரையைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“உங்க கடை ரோட்டுக்குள்ள இருக்கு” என்றார்.

நாகய்யா ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினார். “இன்னா நைனா சொல்ற? நாள் பூரா லாரி போய்க்கினு கீது, ஒண்ணு கூட என் மேல ஏறலியே.”

“ஏறலைன்னா டிரைவருங்க ஒதுங்கிப் போறாங்கன்னு அர்த்தம். ஸ்கிரீன்ல தெளிவா இருக்கு, பாருங்க.”

“அப்போ டீய உள்ள வந்து குடிச்சிட்டுப் போ சார். நடு ரோட்டுல நிக்காத.”

நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்துக் கடைக்கு நகர்ந்தோம். சார் சிரிக்கவில்லை. அந்த மேப்பை வரைந்தவர்கள் சாலையைக் கொஞ்சம் அகலமாக வரைந்துவிட்டார்கள், விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு எப்போது டீ குடிக்கப் போனாலும், “இன்னும் ஷிஃப்ட் பண்ணலியா?” என்று நாகய்யாவைக் கேட்பதை அவர் விடவில்லை.

இதுதான் அந்த மனிதர். கண்ணெதிரே இருப்பதும் திரையில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால், கண்ணெதிரே இருப்பதுதான் நகர வேண்டும். அவர் நகர மாட்டார்.

எங்களோடு வேலைபார்த்த சுமதிக்குப் பொன்னேரியில் கல்யாணம். எல்லோரும் அவர் காரில்தான் போனோம். எனக்குப் பொன்னேரிதான் ஊர். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த மண்டபத்துக்குப் போவேன். “லெஃப்ட்ல திரும்பணும் சார்” என்றேன். “மேப் ரைட்டுன்னு சொல்லுது” என்றார். மேப் சொன்னபடியே போய், ஒரு வயல் வரப்பின் முனையில் கார் நின்றது. நாற்று நட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து நிலத்துக்காரர் ஏறி வந்தார்.

“கல்யாண மண்டபமா? அது பஜார்ல கீதுப்பா. இது என் கயினி.”

“இல்லைங்க, இங்கதான் காட்டுது.”

“காட்டட்டுமே. இங்க ஏதுப்பா மண்டபம்? நீயே பாத்துக்கினுதான கீற?”

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அந்த ஆளுக்கு விவரம் போதாது என்று எங்களிடம் சொன்னார். நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி முடிந்து இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். சார் நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போனார். வாழ்த்தத்தான் போகிறார் என்று நினைத்தோம். “உங்க மண்டபத்தோட லொகேஷன் தப்பா இருக்கு. கரெக்ட் பண்ணச் சொல்லுங்க” என்றார். பாவம் அந்த மனிதர். பெண்ணைக் கட்டிக்கொடுத்த களைப்போடு கைகூப்பி, “மன்னிச்சிருங்க சார், சொல்லிட்றேங்க” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்டீல் டேப்பைப் பிடுங்கி சாம்பார் அண்டாவில் போட்டிருப்பேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். இருதயராஜ் அண்ணன் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருதயராஜ் அண்ணன் எங்கள் ஸ்டாஃப் பஸ் டிரைவர். பொன்னேரிக்கு அந்தப்பக்கம் ஒரு காலனியில் வீடு. அவர் அப்பா காலம்வரை பிறர் நிலத்தில் கூலி வேலை. அந்தக் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் இவர்தான். அவர் பஸ்ஸில் ஏறினால் பெண்கள் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். அவ்வளவு பதமாக ஓட்டுவார். பள்ளம் வந்தால் இறங்கியதும் தெரியாது, ஏறியதும் தெரியாது. நான் எப்போதும் அவர் சீட்டுக்குப் பின்னால் உட்காருவேன். வண்டிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் எங்கள் திட்டத்துக்கு முதல் சோதனை வண்டியாக அவருடைய பஸ்ஸைத் தேர்ந்தெடுத்ததே, ஒழுங்காக ஓட்டுகிறவர் என்பதால்தான். அது ஒரு கௌரவமாகவே அவருக்கு இருந்தது. கருவி பொருத்திய அன்றைக்கு டேஷ்போர்டில் சாமந்திப் பூ வைத்திருந்தார்.

“இன்னாம்மா, இது இன்னா பண்ணும்?”

“நீங்க எங்க போறீங்கன்னு மத்த வண்டிக்குச் சொல்லும்ணா.”

“சொல்லட்டும் சொல்லட்டும். நமக்கு இன்னா மறைக்கிறதுக்குக் கீது?”

அந்தச் சமயத்தில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நான் லீவு போட்டுவிட்டுத் திருவள்ளூரில் அக்கா வீட்டில் இருந்தேன். திரும்பி வந்த அன்று, ஷெட்டுக்குப் பின்னால் சோதனைக் கார் ஓட்டும் மைதானத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. தரையில் இருந்த மஞ்சள் கோடுகளைச் சாம்பல் பெயின்ட் பூசி மறைத்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளிப் புதிய கோடுகள் பளபளத்தன. குப்பனைக் கேட்டேன்.

“கார கோட்டு மேல ஓட்னா டிவில கோட்ட உட்டு வெளிய தெரியுதாம்மா. சார் வந்து பாத்தாரு. கோடு தப்பு, அழிச்சிட்டு வேற போடுன்னுட்டாரு.”

சாரிடம் போய்க் கேட்டேன். “பழைய கோடு சரியா போடல. இப்ப எரர் ரெண்டே சென்டிமீட்டர். கிராஃப பாரு” என்று திரையைத் திருப்பிக் காட்டினார். எப்படி இருக்கும் எரர்? கார் எங்கே ஓடினால் திரையில் சரியாகத் தெரிகிறதோ அங்கே கோட்டைப் போட்டுவிட்டு, கோட்டின் மேல்தான் கார் போகிறது என்று பூரித்துப்போனால்?

அந்த வாரமே பஸ் விவகாரம் வெடித்தது. பொன்னேரிப் பக்கமிருந்து தொழிற்பேட்டைக்கு வருகிற சாலையில் நடுவே தடுப்பு கிடையாது. காலையில் வடக்கே வரும்போது இருதயராஜ் அண்ணனின் பஸ் எதிர்த்திசையில், வருகிற வண்டிகளுக்கு நேரே வருவதாகத் திரையில் சிவப்புக் கோடு. சாயங்காலம் தெற்கே திரும்பும்போது, பஸ் சாலையை விட்டிறங்கி ஓரத்து வாய்க்காலில் ஓடுவதாகச் சிவப்புக் கோடு. ஒருநாள் இல்லை, தினமும்.

சார் தன் அறைக்கு அண்ணனை வரவழைத்தார். பஸ்களை விட்டிருக்கும் கான்ட்ராக்டரும் வந்தார். நானும் இருந்தேன்.

“தினம் ராங் சைடுல வர்றீங்க. அறுபது பேர் உயிர்” என்றார் சார்.

“ராங் சைடா? நானா சார்? ஆர் சொன்னது?”

“யாரும் சொல்ல வேணாம். இதோ.” திரையைக் காட்டினார். அண்ணன் குனிந்து பார்த்தார். அவருக்கு அந்தச் சிவப்புக் கோடு தன் பஸ் என்பதே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

“சார், நான் தினமும் அந்த பஸ்லதான் வர்றேன்” என்றேன். “அண்ணன் சீட்டுக்குப் பின்னாலயே உக்கார்றேன். ஒருநாள்கூட ராங் சைடுல போனதில்ல. வாய்க்கால்ல ஓடுற பஸ்ல நான் நனையாம எப்படி சார் வீடு போய்ச் சேர்ந்தேன்?”

“வாய்க்கால்னா வாய்க்கால் இல்ல. மண் ரோட்டுல இறக்கி ஓவர்டேக் பண்றாரு. நீ தூங்கியிருப்ப.” பிறகு பாக்கெட்டைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “நீ பாத்தது உன்னோட ஒப்பீனியன். இது டேட்டா.”

கான்ட்ராக்டர் மீஞ்சூர்க்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் தொழிற்பேட்டையை நம்பி வண்டி வாங்கியவர். அடுத்த வாரமும் சிவப்புக் கோடு வந்தால் அண்ணன் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. சார் சொன்ன யோசனை ஒன்றுதான்: “லெஃப்ட்ல ஓட்டுங்க. இன்னும் லெஃப்ட்ல.”

செய்தி பஸ்ஸுக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ராங் சைடு என்று கிளம்பியது, குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்று காலனிக்குப் போய்ச் சேர்ந்தது. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, கூட வேலைபார்க்கிற டிரைவர் ஒருவரே, “இன்னாண்ணா, காலங்காத்தாலேயேவா?” என்று கேட்டிருக்கிறார். அண்ணன் ஜென்மத்தில் அதைத் தொட்டதில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார். “வேல போனா வேற வேல தேடிக்கலாம்மா. பேரு போச்சுன்னா எங்க போயித் தேட்றது?” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் இடது பக்கம் ஒட்டி ஓட்ட ஆரம்பித்தார். இன்னும் ஒட்டி. கருவேலங்கிளைகள் ஜன்னல்களைக் கீறின. தூங்கி வந்த பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழித்தே வந்தார்கள். அப்போதும் சிவப்புக் கோடு போகவில்லை. காலையில் கொஞ்சம் மெலிந்தது, சாயங்காலம் இன்னும் தடித்தது, அவ்வளவுதான். ஒரு மழை நாள் காலையில் இடது சக்கரங்கள் தாரை விட்டு நழுவி ஈர மண்ணில் இறங்கின. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லோரும் அலறினோம். அண்ணன் எப்படித்தான் அதை நிமிர்த்தினாரோ, பஸ் உறுமிக்கொண்டு மேலே ஏறி நின்றது. ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்துவிட்டார். “இன்னும் லெஃப்ட்டுனா பள்ளம்தாம்மா கீது. அவரு எங்கதான் போவச் சொல்றாரு?” என்றார்.

பின் சீட்டிலிருந்து ஒரு பெண், “இன்னா டிரைவர் ஓட்ற நீ? சாவடிக்கப் பாக்குறியா?” என்று கத்தினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அதுவரை புரளியாக இருந்தது, அன்றைக்கு எல்லோரும் கண்ணால் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

ஆபீஸ் போனதும் முழுப் பதிவையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தள்ளாடுகிற டிரைவர் ஒருநாள் இந்தப் பக்கம் தள்ளாடுவான், ஒருநாள் அந்தப் பக்கம். இந்தக் கோடு எப்போதும் வடகிழக்கே, எப்போதும் ஒரே அளவு தள்ளிப்போயிருந்தது. காலையில் எதிர்த்திசைக்கும் சாயங்காலம் வாய்க்காலுக்கும் அதே அளவு. இது பஸ்ஸின் கோளாறே இல்லை. மொட்டைமாடிக்கு ஓடினேன்.

மாடிப்படி அறையின் வடகிழக்கு மூலையில் நின்ற ஆன்டெனா அங்கே இல்லை. தென்மேற்கு மூலையில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. கம்பத்தில் சந்தனம், குங்குமம், காய்ந்த எலுமிச்சம்பழம்.

“நீ லீவுல இருந்தப்போ ஒரு வாஸ்துகாரரு வந்தாரும்மா” என்றார் பின்னாலேயே ஏறி வந்த குப்பன். “ஈசானிய மூலையில ஒசரமா எதுவும் நிக்கக் கூடாதாம். அதான் பெரிய ஆர்டர் கை நழுவிப் போச்சாம். கன்னி மூலைக்கு மாத்துனா ஆர்டரு கொட்டும்னாரு. சாரே கூட நின்னு மாத்தச் சொன்னாரு. தேங்கா ஒடச்சோம்.”

கம்பத்தை மாற்றியவர், அது புதிதாக நிற்கும் இடத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றவில்லை. ஆன்டெனா ஒரு மூலையில் நின்றுகொண்டு, மற்ற மூலையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, கூசாமல் எல்லா வண்டிகளையும் திருத்திக்கொண்டிருந்தது. யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதோ!

கீழே வந்து அவர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கணம் அவர் முகம் வெளிறியது. அதை நான் பார்த்தேன். அந்த ஒரு கணத்துக்காக அவர் மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அடுத்து, “கதவச் சாத்து” என்றார்.

சாத்தினேன்.

“எவ்ளோ ஷிஃப்ட்?”

“கிழக்குல நாலு மீட்டர் சார்.” அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. “நானூறு சென்டிமீட்டர்.”

“ரிப்போர்ட் போயிடுச்சு” என்றார், என்னைப் பார்க்காமல். “டிரைவரோட தப்பை நம்ம சிஸ்டம் கண்டுபிடிச்சிடுச்சுன்னு, இத வாங்கப்போற கிளையன்ட் ரொம்ப ஹாப்பி. இப்பப் போயி நம்ம ஆன்டெனாதான் தப்புன்னு சொன்னா எப்படி இருக்கும்?”

“இருதயராஜ் அண்ணனுக்கு வேல போயிடும் சார்.”

“போகாது. நான் பாத்துக்கறேன். நீ வாயை மூடிக்கிட்டு இரு.”

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. கான்ட்ராக்டரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். “நீ சொல்றது நெஜமாத்தான் இருக்கும்மா. ஆனா பில்லுல கையெழுத்துப் போட்றவரு அவரு. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீசு. உள்ள பேசி முடிவு பண்ணிக்கினு வாங்க, என்னைய பேஜாராக்காதீங்க” என்றார். ஆபீசில் எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை. மறுநாள் கான்டீனில் என் எதிரே உட்கார ஆளில்லை.

அந்தச் சனிக்கிழமை, ஆன்டெனா நிற்கும் இடத்தின் எண்கள் கம்ப்யூட்டரில் சத்தமில்லாமல் மாறின. திங்கட்கிழமை பஸ் திரையில் தன் பக்கத்தில், பச்சைக் கோட்டில் வந்தது. மைதானத்தில் குப்பன் மறுபடியும் பெயின்ட் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். “கோடு திரும்பியும் தள்ளிப் போச்சாம்மா” என்றார். அண்ணனிடம், இனிமேல் முன்போலவே ஓட்டுங்கள் என்று நானே போய்ச் சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். பஸ்ஸில் கேட்கத் தயாராக இருந்த எல்லோரிடமும் சொன்னேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆன்டெனா, மூலை, எண்கள் என்றால் யாருக்குப் புரிகிறது? ராங் சைடு என்றால் குழந்தைக்கும் புரிகிறது.

சார் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது பாதுகாப்பு வார விழாவில்தான் தெரிந்தது. பந்தல், மைக், நாற்காலி எல்லாம் போட்டுக் கிளையன்ட் கம்பெனியின் பெரிய ஆட்களைக் கூப்பிட்டிருந்தார். திரையில் இரண்டு படம். ஒன்றில் சிவப்புக் கோடு, “எங்கள் எச்சரிக்கைக்கு முன்பு.” மற்றதில் பச்சைக் கோடு, “எங்கள் எச்சரிக்கைக்குப் பின்பு.” நம்முடைய தொழில்நுட்பம் இடத்தை மட்டும் திருத்தவில்லை, மனிதர்களையும் திருத்துகிறது என்றார். கைதட்டல் அள்ளிக்கொண்டு போயிற்று. பிறகு இருதயராஜ் அண்ணனை மேடைக்கு அழைத்தார். சிறப்பாகத் திருந்திய ஓட்டுநர் என்று அவருக்கு ஒரு சால்வை.

நான் எழுந்து நின்றேன். “சார், பஸ் எப்பவும் தன் பக்கத்துலதான் வந்துது. நீங்க வாஸ்துவுக்காக ஆன்டெனாவை நகர்த்திட்டு அதோட இடத்தை மாத்தி எழுதல. தப்பு நம்மோடது. அவரோடது இல்ல” என்று எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

சார் புன்னகைத்தார். அப்பேர்ப்பட்ட புன்னகையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. “பாருங்க, எங்க டீம்ல ஜூனியர்ஸ்கூட எவ்ளோ தைரியமா கேள்வி கேக்கறாங்க. இதான் எங்க கல்ச்சர். கிவ் ஹெர் எ ஹேண்ட்” என்றார். எனக்கும் கைதட்டினார்கள்.

அண்ணன் மேடையில் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். வராவிட்டால் வண்டி ஒப்பந்தம் போய்விடும் என்று கான்ட்ராக்டர் கெஞ்சியதால் வந்திருந்தார். சால்வையைப் போட்டு, அவர் தோளை அணைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார் சார். அந்த நேரத்தில் அந்த ஆளை அடிக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. செருப்பில் எதையோ மிதித்துவிட்டால் வருமே, அந்த அருவருப்புதான் வந்தது. இன்றுவரை போகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “திருந்திட்டேன்னு சொன்னாரே, எதுலேர்ந்தும்மா?” என்றார்.

சில வாரங்களில் நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். அதன் பிறகு ஒருநாள் பொன்னேரி மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது இருதயராஜ் அண்ணனின் மனைவி எஸ்தர் அக்கா என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உன்னையே கேக்கணும்னு இருந்தேன். நீ கூடவே வந்த பொண்ணு, பொய் சொல்ல மாட்ட. அவரு நெஜமாவே ராங் சைடுல ஓட்னாரா?” என்றார்.

“இல்லவே இல்லக்கா” என்றேன். மீன்காரியின் கூடைப் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆன்டெனா எதற்கு என்று சொன்னேன். வாஸ்துகாரர் வந்ததைச் சொன்னேன். கம்பத்தை மாற்றியதையும், எண்ணை மாற்றாததையும், பிறகு திருட்டுத்தனமாக மாற்றியதையும் சொன்னேன். சாலையையும் பஸ்ஸையும் ஈரத் தரையில் விரலால் வரைந்துகூடக் காட்டினேன். எஸ்தர் அக்கா குனிந்து பார்த்தார். நான் முடித்ததும் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“உனக்கு அவரு மேல எவ்ளோ பிரியம்மா! போனது போவட்டும் உடு. இப்போ ஒழுங்காத்தான் ஓட்றாரு. அது போதும்” என்றார்.